ஒரு இலக்கத்தின் வேரைத் தேடிப் போவது எப்படி?

146,679. இந்த இலக்கத்தை எங்களில் பலருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு மே மாதமும் பதாகைகளிலும் முகநூல் பதிவுகளிலும் மேடைப் பேச்சுகளிலும் அது வந்துபோகிறது. ஆனால் அதை முதலில் சொன்னவர் யார், எந்த ஆவணத்தில் சொன்னார், எதிலிருந்து எதைக் கழித்தபோது அது கிடைத்தது என்று பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்களிடம் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. "ஐ.நா. அறிக்கையில இருக்கு" என்று ஒருவர் சொல்வார். "சனல் 4" என்பார் இன்னொருவர். இரண்டும் சரியல்ல.

நான் நூலகர் அல்ல. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்று, பல வருடங்களாகச் சுயாதீனமாக எழுதிவருகிறவள். ஆய்வேடு எழுதத் தொடங்கும் மாணவர்களுக்குத் தகவல் தேடும் முறை பற்றி இரண்டு மூன்று மணித்தியாலம் பேசச் சொல்லி இடைக்கிடை அழைப்பு வரும். இந்தத் துறைக்கு 'தகவல் எழுத்தறிவு' என்று பெயர். 1974 இல் அமெரிக்காவில் போல் சுர்கோவ்ஸ்கி என்பவர் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் ஆரம்பிக்கப்பட்டதும் அதே வருடத்தில்தான். தற்செயல்தான், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. எனக்குத் தேவை என்ன, அது எங்கே கிடைக்கும், கிடைத்ததை எவ்வளவு நம்பலாம், அதை எப்படி நேர்மையாகப் பயன்படுத்துவது என்ற நான்கையும் அறிந்திருப்பதே தகவல் எழுத்தறிவு.

எங்கள் பிள்ளைகளுக்கு இது எப்படிக் கற்பிக்கப்படுகிறது? முதலாம் வருடத்தின் முதல் வாரத்தில் நூலகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். இது இரவல் வழங்கும் பகுதி, இது உசாத்துணைப் பகுதி, பையை வெளியே வைக்கவேண்டும், அலைபேசியை மௌனமாக்கவேண்டும். கையொப்பம் வாங்கிக்கொள்வார்கள், முடிந்தது. அந்த நேரத்தில் மாணவரின் கையில் ஒரு கேள்வியும் இல்லை. கேள்வி வருவது மூன்று வருடம் கழித்து, ஆய்வேட்டுத் தலைப்பைக் கொடுக்கச் சொல்லும்போது. முதல் வாரத்தில் கேட்டது அப்போது யாருக்கு ஞாபகம் இருக்கும்? தேடலைக் கற்பிக்கவேண்டிய இடம் பாடத்துக்குள், தேவை வரும் நேரத்தில் என்று நூலகவியலாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆகவே நான் சுற்றுலாவில் தொடங்குவதில்லை. அந்த இலக்கத்தில் தொடங்குகிறேன்.

அதன் வரலாறு இதுதான். 2011 ஜனவரி 8 ஆம் திகதி, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன்னிலையில், அப்போது மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை தமது மறைமாவட்டத்தின் சார்பில் ஒரு சமர்ப்பணத்தைக் கையளித்தார். அதில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று, முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் புள்ளிவிபரப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்த மக்கள்தொகை: 429,059. மற்றது, ஐ.நா. மனிதாபிமான விவகாரங்களுக்கான இணைப்பு அலுவலகத்தின் 2009 ஜூலை 10 ஆம் திகதிய தகவலின்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்து சேர்ந்தவர்கள்: 282,380. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 146,679. இவ்வளவு பேருக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்பதே ஆயர் அந்த ஆணைக்குழுவிடம் கேட்டது.

இதைக் கரும்பலகையில் எழுதிக் கழித்துக் காட்டும்போது மாணவர்களின் முகம் மாறும். 'கொல்லப்பட்டவர்கள் 146,679' என்று எழுதப்பட்டதையே அவர்கள் இதுவரை படித்திருக்கிறார்கள். ஆயர் எழுப்பியது கணக்கில் வராதவர்கள் பற்றிய கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. 'கணக்கில் வராதவர்கள்' என்பதைச் சிறிய விடயமென்றும் யாரும் எண்ணவேண்டாம். அரசின் சொந்தக் கச்சேரி எண்ணிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் எங்கே என்று கேட்கும் கேள்வி அது. அந்தக் கேள்வியைப் பதிலாக மாற்றி எழுதும்போது, பதில் சொல்லவேண்டிய பொறுப்பை நாங்களே அரசாங்கத்தின் தோளிலிருந்து இறக்கிவைக்கிறோம். மறுப்பவர்களுக்கும் வேலை இலகுவாகிறது. "கொல்லப்பட்டதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மூலத்தில் உள்ளபடி சொன்னால் அவர்கள் கச்சேரியின் எண்ணுக்கும் ஐ.நா.வின் எண்ணுக்கும் பதில் சொல்லியாகவேண்டும்.

ஒரு முறை பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "அக்கா, அப்ப நாங்களே எங்கட இலக்கத்தில பிழை பிடிக்கச் சொல்லுறீங்களோ?" குரலில் கோபம் இருந்தது. அவர் புதுக்குடியிருப்புப் பக்கம் என்று பிறகு அறிந்தேன். கோபம் நியாயமானது. நான் சொன்னது இவ்வளவுதான்: "உங்களுக்கு முன்னம் அதைப் பிடிக்கக் காத்திருக்கிறவை இருக்கினம். அவையின்ர கேள்வியை நாங்கள் முதலில கேட்டு, பதிலோட இருக்கவேணும்." அதன் பிறகு வகுப்பு தானாகவே கேட்கத் தொடங்கியது. கச்சேரி எப்படி எண்ணியது? கிராம அலுவலர் ஊடாகவா, நிவாரண அட்டை ஊடாகவா? புலிகள் என்ற சந்தேகத்தில் தனியே கொண்டுபோகப்பட்டவர்கள் அந்த 282,380 இல் அடங்குவார்களா? கப்பலில் கொண்டுசெல்லப்பட்ட காயக்காரர்கள்? ஒக்டோபருக்கு முன்னரே வெளியேறியவர்கள்? ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான கேள்வி.

இதே பாதையில் மற்ற எண்களையும் பார்க்கவேண்டும். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 மார்ச் 31 திகதியிட்ட அறிக்கையில்தான் 40,000 வருகிறது. பல தமிழ்க் கட்டுரைகள் அதை '40,000 க்கும் மேற்பட்டோர்' என்று எழுதுகின்றன. அறிக்கையின் ஆங்கிலமோ '40,000 வரை இருக்கலாம்' என்று உச்ச அளவைச் சுட்டுகிறது. அந்த அளவை நிராகரிக்க முடியாது என்கிறது. சரியான கணக்குக்கு முறையான விசாரணை தேவை என்றும் சொல்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் உண்டு. இலங்கையிலிருந்த ஐ.நா. அலுவலர்கள் 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை சேர்த்த கணக்கில் 7,721 பேர் கொல்லப்பட்டதாகவும் 18,479 பேர் காயமடைந்ததாகவும் இருக்கிறது. அரசாங்க ஆதரவாளர்கள் இந்தச் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்வார்கள். அது மே 13 உடன் நின்றுவிட்டது என்பதைச் சொல்லமாட்டார்கள். மே 13 க்குப் பிறகு என்ன நடந்தது என்பதை இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்னர் 2012 நவம்பரில் வெளிவந்த, பெட்ரி அறிக்கை என்று அறியப்பட்ட ஐ.நா. உள்ளக மீளாய்வு, 70,000 க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற நம்பத்தகுந்த தகவல்களைக் குறிப்பிடுகிறது.

நான்கு எண்கள். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான விடை, வேறு திகதி, வேறு எண்ணும் முறை. இவற்றுள் பெரியதைத் தெரிவுசெய்வதோ நடுவில் ஒன்றைத் தெரிவுசெய்வதோ ஆய்வல்ல. யார் எண்ணினார், எப்போதிலிருந்து எப்போது வரை எண்ணினார், எதை எண்ணினார், எண்ணியவருக்கு அங்கே போக முடிந்ததா என்ற நான்கு கேள்விகளையும் எந்த எண்ணிடமும் கேட்கலாம். விவசாயத் திணைக்களத்தின் நெல் விளைச்சல் கணக்கிடமும் கேட்கலாம்.

அரசாங்க முத்திரை இருந்தால் உண்மை என்று எழுதிவிடும் பழக்கம் எங்கள் ஆய்வேடுகளில் அதிகம். அதற்கும் வன்னியே உதாரணம். 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் இருப்பதாக அரசாங்கத் தரப்பு சொன்ன மக்கள்தொகை ஒரு இலட்சத்துக்கும் குறைவு. முடிவில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் அளவில். உள்ளே போகவேண்டிய உணவும் மருந்தும் அந்தக் குறைந்த எண்ணை வைத்துத்தான் பேசப்பட்டன. அதே அரசின் கச்சேரியோ நான்கு இலட்சத்துக்கு மேல் என்று எழுதிவைத்திருந்தது. 'அரசு சொன்னது' என்று ஓர் அடிக்குறிப்பில் போட்டால் இதில் எந்த அரசு? கொழும்பில் இருந்த பேச்சாளரா, முல்லைத்தீவில் இருந்த எழுதுவினைஞரா? அதிகாரம் உள்ளவர் சொல்வதும் அறிந்தவர் சொல்வதும் வேறு வேறு என்பதை நான் வேறு எந்த உதாரணத்தாலும் இவ்வளவு விரைவாக விளக்கியதில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1981 க்குப் பிறகு நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு நடந்தது 2012 இல்தான். 1991 இல் கணக்கெடுப்பே இல்லை. 2001 இல் நடந்தது வடக்கு கிழக்கின் பல பகுதிகளுக்குள் போகவில்லை. ஆகவே 31 வருடங்களுக்கு எங்கள் மாவட்டங்களின் மக்கள்தொகை என்று காணும் எந்த எண்ணும் மதிப்பீடே. இதைத் தெரியாமல் ஒரு வரைபடத்தை வெட்டி ஒட்டினால் ஆய்வின் அடித்தளமே ஆடும்.

இனித் தேடலுக்கு வருவோம். மாணவர்கள் முதலில் திறப்பது கூகிளை. அதில் தவறில்லை, நானும் அதைத்தான் திறப்பேன். ஆனால் எந்தச் சொல்லைத் தட்டுகிறோமோ அந்தச் சொல்லைப் பாவிக்கிறவர்களின் எழுத்து மட்டுமே வந்து விழும். 'இனப்படுகொலை' என்று தேடினால் ஒரு குவியல். 'உள்நாட்டு யுத்தம்' என்றால் இன்னொன்று. 'மனிதாபிமான நடவடிக்கை' என்று ஆங்கிலத்தில் தேடினால் பாதுகாப்பு அமைச்சு 2011 இல் வெளியிட்ட அறிக்கையும் அதைச் சார்ந்தவையும். உலகின் பெரிய நூலகங்களின் பட்டியல்களில் இந்தப் போருக்கான பொருட்தலைப்பு 'இலங்கை, வரலாறு, உள்நாட்டுப் போர், 1983–2009' என்பதே. அந்தப் பெயரை ஏற்காதவரும் புத்தகத்தை எடுக்கவேண்டுமானால் அதைத் தட்டித்தான் ஆகவேண்டும். டூயி பகுப்பிலும் இப்படித்தான்: இலங்கை வரலாறு 954.93, அதாவது இந்தியாவுக்கான 954 இன் கீழ் ஒரு சிறு கிளை. தமிழ் இலக்கியம் 894.811. இறாக்கைகளுக்கும் அரசியல் உண்டு. கோபப்படலாம், ஆனால் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கோபப்படுங்கள் என்பேன்.

ஊர்ப் பெயர்கள் இதைவிடத் தொல்லை. முள்ளிவாய்க்காலை ஆங்கிலத்தில் எழுத ஒரு டசின் வழிகள். ஒரு 'கே'யா இரண்டா, 'வி'யா 'டபிள்யூ'வா, வெள்ளமுள்ளிவாய்க்கால் என்று தனியாகவா? தமிழ்நெற் தளம் ஒரு கட்டத்துக்குப் பிறகு ள, ண போன்ற ஒலிகளைக் காட்ட ஊர்ப் பெயர்களுக்கு நடுவே ஒற்றை மேற்கோள் குறி போடத் தொடங்கியது. சாதாரண எழுத்துக்கூட்டலில் கிளிநொச்சியைத் தேடும் மாணவர் அந்தச் செய்திகளைத் தவறவிடக்கூடும். புதுக்குடியிருப்பு ஆங்கில அறிக்கைகளில் பெரும்பாலும் மூன்றெழுத்துச் சுருக்கமாகவே வரும்: பீ.ரி.கே. மருத்துவமனை பற்றித் தேடுகிறவர் அந்த மூன்றெழுத்தையும் தட்டவேண்டும். தேடத் தொடங்குமுன் ஒரு தாளை எடுத்து உங்கள் ஊரின், சம்பவத்தின், ஆளின் பெயர் எழுதப்படக்கூடிய எல்லா வடிவங்களையும் எழுதிவையுங்கள். பத்து நிமிட வேலை, பல நாள் அலைச்சலை மிச்சமாக்கும்.

தமிழில் தேடினால் வேறொரு பள்ளம். 2000 களின் நடுப்பகுதி வரை எங்கள் எழுத்து பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே இருந்தது. கணினிக்கு அது தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் குழம்பல். இன்று யுனிகோட்டில் 'இடம்பெயர்வு' என்று தேடினால் பாமினியில் எழுதப்பட்ட 'இடம்பெயர்வு' அகப்படாது. அதை அகப்படுத்த ஒரு வழி உண்டு. எழுத்துரு மாற்றி ஒன்றில் உங்கள் சொல்லைப் பாமினிக்கு மாற்றி, வரும் அந்த ஆங்கிலக் குழம்பலையே கூகிளில் ஒட்டித் தேடுங்கள். முதல் தடவை இதைக் காட்டும்போது மாணவர்கள் மந்திரவாதம் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அச்சுப் பத்திரிகைகளின் பழைய இதழ்களோ படமாக ஸ்கான் செய்யப்பட்டவை. படத்துக்குள் இருக்கும் சொல்லை தேடுபொறி பார்ப்பதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் எங்கள் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் பெருந்தொகையாக இருக்கின்றன. கூகிள் காட்டவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவுகட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். அந்தத் தளத்துக்குள் நேரே போய், பத்திரிகையின் பெயரையும் வருடத்தையும் திகதியையும் பிடித்து, பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். புரட்டுவது பழைய வேலைதான். எங்கள் வரலாற்றுக்கு அதைவிடக் குறுக்கு வழி இன்னும் வரவில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பை ஒரு பயிற்சியாகக் கொடுப்பதுண்டு. எரிந்தவை 97,000 நூல்கள் என்று எல்லோரும் எழுதுகிறோம். 95,000 என்றும் சில இடங்களில் உண்டு. எரிந்த நாள் மே 31 இரவு என்று சிலர், யூன் 1 இரவு என்று சிலர். சம்பவத்துக்கு மிக அருகில் எழுதப்பட்ட ஆவணங்களைக் கண்டுபிடியுங்கள் என்பதே பயிற்சி. மாணவர்களின் முதல் யோசனை, மறுநாள் யாழ்ப்பாணப் பத்திரிகையைப் பார்ப்பது. அங்கேதான் முட்டுவார்கள்: ஈழநாடு அலுவலகமும் அதே நாட்களில் எரிக்கப்பட்டது. செய்தியை எழுதவேண்டிய கையையும் சேர்த்தே எரித்திருக்கிறார்கள். ஆகவே கொழும்புப் பத்திரிகைகளுக்குப் போகவேண்டும், 1981 யூன் மாதப் பாராளுமன்ற ஹன்சாட்டுக்குப் போகவேண்டும், சர்வதேச சட்டவல்லுநர் ஆணைக்குழுவுக்காக வேர்ஜீனியா லியரி அதே வருடம் நேரில் வந்து பார்த்து எழுதிய அறிக்கைக்குப் போகவேண்டும். ஒரு நூலகம் எரிந்ததைப் பற்றி எழுதுவதற்கே மூன்று நூலகங்கள் தேவைப்படுகின்றன. கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போய் பழைய பத்திரிகைக் கட்டைக் கேட்டு வாங்கும் முறையை ஒரு தடவை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டால் பிறகு அவர்களாகவே போவார்கள். பஸ் காசுதான் பிரச்சினை. இதைச் சும்மா சொல்லவில்லை. வவுனியாவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ ஒரு மாணவி கொழும்பில் இரண்டு நாள் தங்கி ஆவணம் பார்ப்பதற்கு ஆகும் செலவு பல வீடுகளில் ஒரு மாதச் சாப்பாட்டில் கைவைக்கும்.

இணையப் பக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு பழக்கம். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம் வைன்பேர்க்கும் சாரா மெக்ரூவும் 2017 இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கலாநிதிப் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஆகிய மூன்று தரப்பினருக்கும் ஒரே இணையப் பக்கங்களைக் கொடுத்தார்கள். வரலாற்றாசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாக வாசித்து, இலச்சினையையும் தளப் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே பக்கத்தை விட்டு வெளியேறினார்கள். புதிதாகச் சில ஜன்னல்களைத் திறந்து, இந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வாசிக்கத் திரும்பினார்கள். எங்கள் சூழலில் இது இன்னும் அவசியம். ஒரே செய்தியை பத்துத் தமிழ் இணையத்தளங்கள் சொல்லுக்குச் சொல் போட்டிருக்கும். மாணவர் அதைப் பத்து ஆதாரம் என்று எண்ணுகிறார். அது ஓர் ஆதாரம், பத்துப் பிரதி. அந்தப் பத்தில் முதலாவது எது என்று நேரத்தை வைத்துப் பார்த்தால் சில வேளை ஒரு முகநூல் பதிவில் போய் நிற்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த வேலை இரட்டிப்பாகியிருக்கிறது. ஒரு மாணவி உசாத்துணைப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆசிரியர் பெயர்கள் உண்மை, ஆய்விதழ்களின் பெயர்கள் உண்மை, கட்டுரைகளில் பாதி எங்குமே இல்லை. அவர் சட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கியது அது. நம்பும்படியான சொற்களை அடுக்குவதே அந்தக் கருவியின் வேலை. இறாக்கையில் புத்தகம் இருக்கிறதா என்று அது எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை. கையில் எடுத்துப் பக்கத்தைத் திறக்காத எதையும் அடிக்குறிப்பில் போடாதீர்கள் என்பது பழைய விதி. புதிய கருவிக்கும் அதுவே போதும்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுச் சொற்றொடரையும் தேட மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஒரு தளத்துக்குள் மட்டும் தேட 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு முக்காற்புள்ளி வைத்துத் தள முகவரியைத் தட்டுங்கள். இறந்துபோன இணைப்பு என்றால் வேபக் மெஷினில் பழைய பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு முக்கியமான பக்கத்தை இன்றைக்கே அதில் சேமித்தும் விடுங்கள். விடுதலைப் புலிகளின் சமாதானச் செயலகத்தின் தளம் போரோடு போயிற்று. இலங்கை ஆய்விதழ்களில் பலவற்றை ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

மாணவர்களும் பெற்றோரும் அதிகம் பாவிக்காத ஒரு வாசல் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். எந்தப் பிரஜையும் கேட்கலாம், தமிழில் கேட்கலாம், ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழுவிடம். தேசிய பாதுகாப்பு என்று மறுப்பார்கள்தான். அந்த மறுப்புக் கடிதமும் ஓர் ஆவணம். திகதியும் கையொப்பமும் இருக்கும், அடிக்குறிப்பில் போடலாம். பிரதேச செயலகத்திடம் கேட்கும்போது 'எல்லாத் தகவலும் தரவும்' என்று எழுதாமல், எந்தக் கிராம அலுவலர் பிரிவு, எந்த வருடம், எந்தப் பதிவேடு என்று எழுதினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

இவற்றையெல்லாம் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது பல்கலைக்கழகத்தை எட்டிப்பார்க்காத சிலரை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் அம்மாமாரின் பைலைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய காலத்திலிருந்து செய்திக்காக அவர்களிடம் போய்வருகிறேன். பொலித்தீன் பைக்குள் பைல், பைலுக்குள் திகதி வரிசையில் கடதாசிகள்: செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவுத் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பரணகம ஆணைக்குழுவின் அழைப்புக் கடிதம், காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த படிவம். மூலப் பிரதியைக் கையைவிட்டுக் கொடுக்கமாட்டார்கள். போட்டோகொப்பிதான். யாரிடம் கொடுத்தோம், எந்த நாள், அவர் என்ன பெயர் சொன்னார் என்று கொப்பியில் குறிப்பு. ஆவணத்தின் தோற்றுவாயைக் காப்பது, பிரதிக்கும் மூலத்துக்கும் வித்தியாசம் பார்ப்பது, முரண்படும் பதில்களை அருகருகே வைப்பது என்று நான் படவில்லைகளில் போட்டுக் காட்டும் எல்லாவற்றையும் அவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு விரிவுரையாளர் துணிந்து ஓர் அம்மாவை அழைத்து, அந்தப் பைலை வகுப்பில் விரிக்கச் செய்தால் என் மூன்று மணித்தியாலம் தேவைப்படாது.

ஒரு மாணவி இடைவேளையில் தனியாக வந்து கேட்டார்: "அக்கா, அம்மா சொன்னதுக்கு எப்பிடி அடிக்குறிப்புப் போடுறது? அவ மாத்தளனில இருந்தவ. அவ சொல்லுறது எந்தப் புத்தகத்திலயும் இல்லை."

இதற்கு நேரம் எடுத்துப் பதில் சொன்னேன். வாய்மொழி வாக்குமூலம் ஆய்வில் ஏற்கப்பட்ட மூலம்தான், 'அம்மா சொன்னா' என்று மட்டும் எழுதினால் போதாது. யார் சொன்னது, அவர் அப்போது எங்கே நின்றார், கண்ணால் கண்டதா மற்றவர் சொல்லக் கேட்டதா, எந்த நாள் எங்கே வைத்துப் பதிவுசெய்தது, பதிவு யாரிடம் இருக்கிறது ஆகிய ஐந்தும் வேண்டும். கண்டதையும் கேட்டதையும் வேறாக்கி எழுதினால் சாட்சியத்தின் பெறுமதி கூடும். திகதி ஞாபகமில்லை என்றால் ஊகித்துப் போடக்கூடாது. 'தம்பிக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள்' என்று அம்மா சொன்னால் அப்படியே எழுதுங்கள், அந்த நாளைப் பிறகு வேறு ஆவணத்தோடு ஒத்துப்பார்க்கலாம். சம்மதம் கேட்கவேண்டும், அம்மாவாக இருந்தாலும். பெயரைப் போடுவதா இல்லையா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். பெயரும் குரல்பதிவும் ஒரே கோப்பில், ஒரே அலைபேசியில் இருக்கவேண்டாம்; விசாரணை என்று வீட்டுக்கு வருகிறவர்கள் இன்னும் இருக்கிற ஊர் இது. நடுவில் அம்மா நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். ஆய்வேட்டுக்குப் புள்ளி குறைந்தாலும் பரவாயில்லை.

அவர் எழுதிக்கொண்டார். "அவ கதைப்பாவோ தெரியாது" என்றார் போகும்போது.

இதை வாசிக்கிற உங்களில் பலரின் வீட்டில் மாணவர்கள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மூலங்கள் இருக்கும். தடைக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான பத்திரிகை, பாடசாலை மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், நிவாரண அட்டை, முகாமில் தந்த அடையாளத் துண்டு. மழைக்கும் கறையானுக்கும் முன்னர் அவற்றை அலைபேசியில் நேராகப் படமெடுத்து வையுங்கள். பொது வாசிப்புக்குக் கொடுக்கக்கூடியவை என்றால் நூலகம் நிறுவனத்தோடு தொடர்புகொள்ளலாம். குடும்பப் படங்களின் பின்பக்கத்தில் யார், எங்கே, எந்த வருடம் என்று மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனாவால் வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.